பாயில் கிடந்தும் வராத நித்திரை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த வாரங்களில் எங்கள் கிராமங்களில் விளக்குகள் நேரத்தோடே அணைந்தன. எட்டு மணிக்கு முன்பே படலைகள் சாத்தப்பட்டன. ஆனால் நடுச்சாமம் கடந்த பின்பும் கொட்டில்களுக்குள் பாயில் புரளும் சத்தமும் மெல்லிய பேச்சும் கேட்டபடி இருந்தன. ஊர் படுத்திருந்தது, உறங்கவில்லை.

"படுத்தாக் கண் மூடுது பிள்ளையள், நித்திரைதான் வருகுதில்லை" என்றார் எங்களோடு பேசிய ஒரு முதியவர். இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் வெங்காயம் செய்பவர். தோட்டம் செய்யத் தடையில்லை என்று சொல்லப்பட்டாலும், கிண்டிய வெங்காயத்தை ஏற்ற வாகனமும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. அவருக்கோ அவர் வீட்டாருக்கோ நோய் தொற்றவில்லை. ஆனாலும் அவருடைய இரவுகளை அந்த நோய் எடுத்துக்கொண்டது.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கொவிட் காலத்து நித்திரைக் குறைபாடு பற்றி 13 நாடுகளில் செய்யப்பட்ட 44 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை 2021இல் வெளியானது. ஐம்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் அடங்கினர். பொதுமக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், நோய் தொற்றியவர்களில் நான்கில் மூவருக்கும் நித்திரைச் சிக்கல் இருந்ததாக அது கூறுகிறது. ஆகவே நித்திரையின்றித் தவித்தவர்கள் மனத்திடம் இல்லாதவர்கள் என்று எவரும் எண்ணவேண்டாம்.

இடம்பெயர்ந்த எமக்கு விழித்திருக்கும் இரவுகள் புதியவை அல்லவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பதுங்குகுழிக்குள்ளும் பாடசாலைத் தாழ்வாரங்களிலும் நாம் விழித்திருந்தோம். ஆனால் அந்நாட்களில் கூடி ஓடினோம், கூடிச் சமைத்தோம், கூடி அழுதோம். கொவிட் காலத்தில் பக்கத்து வீட்டாரின் மூச்சே பயமாயிற்று. செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. நோயால் இறந்த தம் உறவினரை அடக்கம் செய்யவே 2021 பெப்ரவரி இறுதிவரை எங்கள் முஸ்லிம் சகோதரருக்கு அனுமதி இருக்கவில்லை. முகம் பார்த்து அழாத துக்கத்தோடு எத்தனை பேர் பாயில் கிடந்தார்கள்!

நித்திரை கெட்டால் என்ன, பசியை விடவா பெரிது என்ற கேள்வியும் எழுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க 26 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகிறது. உடல், மனம், உறவுகள், சுற்றாடல் என்ற நான்கு பக்கங்களையும் அது தொடுகிறது. பணம் போதுமா என்று கேட்கும் அதே படிவம், உங்கள் நித்திரை உங்களுக்குத் திருப்தியா என்றும் கேட்கிறது. காரணம் உண்டு. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், ஓரளவு மது அருந்தியவருடையதைப் போலத் தடுமாறுவதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. அந்த நிலையில் உழவு இயந்திரம் ஓட்டுவதும், கிருமிநாசினி கலப்பதும் எப்படியிருக்கும்? பிள்ளைகள் மீது காரணமின்றிச் சீறி விழுவதைப் பற்றித் தாய்மாரிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனித்தான் வருகிறது. நித்திரையைக் கெடுத்தது நோயும் அது கொண்டுவந்த கவலையும். ஆனால் மாதக் கணக்கில் அதைத் திரும்பி வரவிடாமல் தடுத்தது, பெரும்பாலும் நித்திரையைத் தேடி நாம் செய்த காரியங்களே.

அந்த முதியவரைப் பாருங்கள். முன்பு இரவு பத்து மணிக்குப் படுத்து, விடிய நாலரைக்கு எழும்பித் தண்ணீர் இறைக்கப் போவார். காலை வெயில் முகத்தில் படும். உடலுக்குள் இருக்கும் மணிக்கூட்டைச் சரிசெய்வது அந்த வெளிச்சந்தான். ஊரடங்கு வந்ததும் ஏழரைக்கே படுத்தார். மத்தியானமும் இரண்டு மணி நேரம் சாய்ந்தார். இரவு நித்திரை இல்லாதபடியால் விடிந்து எட்டு மணிவரை பாயிலேயே கிடந்தார். இரவில் மட்டும் பன்னிரண்டரை மணி நேரம் பாயில். அதில் ஐந்து மணி நேரந்தான் உறக்கம். மிச்ச நேரமெல்லாம் வெங்காயக் கணக்கு.

கிணற்றில் நீர் ஊறுவதுபோல, நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் நித்திரைத் தேவை உடலில் ஊறுகிறது. மத்தியானமே அள்ளிவிட்டால் இரவுக்கு வாளி நிறையாது. அத்தோடு, பாயில் கிடந்து கவலைப்பட்டுப் பழகினால், பாயைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளவும் பழகிவிடுகிறது.

ஆகவே பரிகாரம் தலைகீழாகத் தோன்றும்: பாயில் இருக்கும் நேரத்தைக் குறைக்கவேண்டும். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். எழும்பியதும் வெளிச்சத்தில் நில்லுங்கள். உண்மையில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்களோ அந்த அளவுக்கே பாயில் இருங்கள்; ஆனால் ஐந்து மணிக்குக் கீழே போகக்கூடாது. உறக்கம் சீரானதும் கால் மணி கால் மணியாகக் கூட்டலாம். (வலிப்பு நோய் உள்ளவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம்.) இவ்வாறான பழக்க மாற்றங்களும் மன ஆலோசனையும் சேர்ந்த சிகிச்சையையே, மருந்துக்கு முன்னதாகக் கொடுக்கும்படி அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

இருபது நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறு அறைக்குப் போகும்படி புத்தகங்கள் சொல்கின்றன. ஒரே கொட்டிலில் ஆறு பேர் படுப்பவர்களை நினைத்து எழுதப்பட்ட புத்தகங்கள் அல்ல அவை! பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசற்படியில் இருந்தாலும் போதும். கைவிளக்கை அடித்துப் பார்த்து இருங்கள். இரவில் பூச்சி பொட்டுகள் உண்டு. கண் சொருகும்போது திரும்பிப் படுக்கலாம். கவலைகளைப் பொழுதுபடும் முன்பே வீட்டாரோடு இருந்து பேசிவிடுங்கள். கடன் எவ்வளவு, யாரிடம் தவணை கேட்கலாம் என்று ஒரு கொப்பியில் எழுதுவதும் உதவும்.

பிளேன்ரீயை மத்தியானத்தோடு நிறுத்துவது நல்லது. குடித்து ஐந்து மணி நேரம் சென்ற பின்பும் அதன் ஊக்கப் பொருளில் ஏறக்குறையப் பாதி உடலில் தங்கியிருக்கும். சாராயம் கெதியாய் உறங்க வைக்கும், பின்சாமத்தில் எழுப்பிவிடும். பக்கத்து வீட்டார் தரும் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடவே வேண்டாம். பழகிவிட்டால் அது இல்லாமல் உறங்க முடியாமற் போகும்.

முதியவர் முதல் வாரம் எங்களை நன்றாக ஏசினார். பகலெல்லாம் தூங்கி விழுந்தாராம். மூன்றாம் வாரமளவில் பதினொரு மணிக்குப் படுத்தால் நாலரைவரை உறங்க முடிந்தது. வெங்காயத்தில் பாதி அழுகித்தான் போனது.

2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் அவசரநிலையை முடித்துவைத்தது. ஆனாலும் அன்று தொடங்கிய விழிப்பு இன்றும் சிலரிடம் தொடர்கிறது. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதங்களாக உங்கள் நித்திரை கெட்டிருந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்ச் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களும் போகவேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இரவில் வருமானால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.