இனெவிட்டப்ளி: பொருளும் பயன்பாடும்

இனெவிட்டப்ளி என்பது ஆங்கில வினையடை. ஒரு செயலோ விளைவோ நேராமல் தடுக்க வழியில்லை என்ற பொருளைத் தருகிறது. 'தவிர்' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இதன் பெயரடையான இனெவிட்டபிள் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. தவிர்த்தலைக் குறிக்கும் அவாய்ட் என்ற வினையும் இதே வேரினது என்று தோன்றலாம். ஆனால் அது 'வெறுமையாக்கு' என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையான 'னெ' மீது விழும்.

பொதுவாக இச்சொல் வாக்கியத்தில் மூன்று இடங்களில் வரும்: தொடக்கத்தில், முதன்மை வினைக்கு முன், துணைவினைக்குப் பின். "பிஃபோர் தீபாவளி, ரங்கநாதன் ஸ்ட்ரீட் இனெவிட்டப்ளி பிகம்ஸ் க்ரவுடட்" என்பது வினைக்கு முன் வந்ததற்கு எடுத்துக்காட்டு. தியாகராய நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள குறுகிய கடைத்தெரு அது. பண்டிகைக்கு முன் நெரிசல் வராமல் எப்படி இருக்கும்? இங்கே கவனிக்க வேண்டியது, காரணம் கண்முன் இருக்கிறது என்பதே. காரணம் இல்லாத வெறும் உறுதிக்குச் சர்ட்டன்லி போதும். காரணத்திலிருந்து விளைவு தானாகப் பிறக்கும்போதுதான் இனெவிட்டப்ளி பொருந்தும். அடையாறு முகத்துவாரத்தில் கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் திட்டாகச் சேர்வதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. தூர்வாரினாலும் மணல் மறுபடி வந்து சேரும்.

மொழிபெயர்ப்பில்தான் சிக்கல். மாணவர்கள் உடனே எழுதுவது 'தவிர்க்க முடியாமல்'. அகராதிப் பொருளாக இதில் குற்றமில்லை. வாக்கியத்தில் இட்டால் இடறுகிறது. "பேருந்து தவிர்க்க முடியாமல் தாமதமாக வந்தது" என்றால், பேருந்தே தாமதத்தைத் தவிர்க்கப் பாடுபட்டுத் தோற்றதுபோல் இருக்கிறது. 'முடியாமல்' என்ற எதிர்மறை வினையெச்சம் பெரும்பாலும் வாக்கியத்தின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்வதால் வரும் கோளாறு இது. ஆங்கிலச் சொல்லில் அப்படி முயன்று தோற்பவர் எவரும் இல்லை.

தமிழில் இந்தப் பொருளை வினைமுற்றே சுமக்கும். "மழை பெய்தால் தாழ்வான தெருவில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும்." "பங்குனித் தேரோட்டத்தன்று மயிலாப்பூர் மாடவீதிகளில் போக்குவரத்தை மாற்றிவிடத்தான் வேண்டியிருக்கும்." "உண்மை வெளிவந்தே தீரும்." இவை மூன்றிலும் தனி வினையடை இல்லை, ஆனாலும் பொருள் முழுமையாக இருக்கிறது. ஒன்று மட்டும்: 'வந்தே தீரும்' என்பது தவிர்க்க இயலாமை, 'வந்தே தீருவேன்' என்பது சபதம். தன்மையில் வந்தால் பொருள் மாறிவிடும்.

'தவிர்க்க இயலாத காரணங்களால் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது' என்று சபா வாசல் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேரான ஆங்கிலம் அன்அவாய்டப்ளி. அது சாக்குச் சொல்லும் சொல், மன்னிப்பின் சாயலுள்ளது. வரமுடியாமற்போனதற்கு எழுதும் கடிதத்தில் இனெவிட்டப்ளி போட்டால், நீங்கள் வராதது விதிப்படி நடந்தது என்று சொல்வதாகும்!

செய்தி எழுதுவோர் இச்சொல்லில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகள் மூழ்கின. "ஹெவி ரெயின் இனெவிட்டப்ளி ஃப்ளடட் தி சிட்டி" என்று எழுதினால், இலக்கணம் சரி. ஆனால் மழையைத் தவிர எல்லாரும் விடுவிக்கப்படுகிறார்கள். 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கையோ அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. வேறுவிதமாக நடந்திருக்க வாய்ப்பிருந்ததா என்பது கேள்வியாக இருக்கும் இடத்தில், இல்லை என்ற விடையை ஒரு வினையடைக்குள் ஒளித்து வைப்பது நேர்மையான எழுத்தல்ல. நடந்துமுடிந்த எதுவும் பின்னால் திரும்பிப் பார்க்கையில் தவிர்க்க முடியாததாகத் தோன்றும். அந்த மயக்கத்துக்கு இச்சொல் நன்றாகவே துணைபோகிறது.

எதிர்மறையில் 'நாட் இனெவிட்டப்ளி' என வரும்போது 'அப்படித்தான் ஆக வேண்டும் என்பதில்லை' என்று பொருள். 'ஒருபோதும் ஆகாது' என்று கொள்ளக்கூடாது. நாட் நெசசரிலி என்பதும் ஏறக்குறைய இதே பொருளில் வரும். பேச்சில் அதுவே மிகுதி. நெசசரிலி தருக்கத்தின் தேவையைச் சொல்வது, இனெவிட்டப்ளி நிகழ்ச்சிகளின் போக்கைச் சொல்வது. ஆகவே கணக்கில் ஒரு முடிவு இன்னொன்றிலிருந்து பிறக்கும் இடத்தில் முன்னதை எழுதுவதே முறை.