ஓசியில் வந்த காவல்காரன்!

வீட்டுக்குள் பாம்பு வந்தால் சங்கரன்கோவில் வட்டாரத்து மக்கள் என்ன செய்வார்கள்?

சங்கரநாராயணர் கோவிலுக்குப் போவார்கள். பாம்பு, தேள், பூரான் உருவம் பொறித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். புற்று மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. மறுநாள் யாரும் வந்து கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் இன்னும் 3 பாம்பு இருக்கிறது. பணம் கட்டுங்கள்" என்று கேட்பது இல்லை.

கம்ப்யூட்டரில் புகும் பூச்சி அப்படிப்பட்டது அல்ல. அதை விரட்ட வருகிற ஆசாமியும் அப்படிப்பட்டவர் அல்ல!

ஆடித்தபசு பார்க்க என் அக்காள் வீட்டுக்குப் போனபோது இதை நேரில் கண்டேன்.

அத்தானுக்கு விசைத்தறித் தொழில். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பகல் முழுவதும் 'தடதட' என்று ஓடிக்கொண்டே இருக்கும். தறிக் கணக்கு எழுதவும், மகள் பரீட்சைக்குப் படிக்கவும் ஒரு கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கி வைத்து இருக்கிறார். புதிது அல்ல. கைமாறி வந்தது.

"வைரஸ் வராமல் இருக்க 'ஆன்டிவைரஸ்' போட்டுக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கும்" என்று யாரோ யோசனை சொல்லி இருக்கிறார்கள். இலவசம் என்றால் அத்தான் விடுவாரா? ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டார்!

"ஆபத்து! ஆபத்து!"

நான் போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். திரையின் மூலையில் சிவப்புக் கட்டம். "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது!"

அதை மூடினால் இன்னொன்று. "இன்று மட்டும் பாதி விலை!"

"தினமும் இப்படித்தான் மாமா" என்றாள் மருமகள். "ஆபத்து, ஆபத்து என்கிறது. என்ன ஆபத்து என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறது."

'சோதனை செய்' என்ற பொத்தானை அழுத்திப் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் குறைகள் இருப்பதாகச் சொன்னது. 'சரி செய்' என்று அழுத்தினேன். உடனே பாங்கிக் கார்டின் நம்பரைக் கேட்டது!

அக்காளுக்கு முகம் வாடிவிட்டது. "கொடுத்துத் தொலைத்துவிடலாமா தம்பி? பிள்ளையின் படிப்பு எல்லாம் இதற்குள்தானே இருக்கிறது?"

அந்த முந்நூறு குறைகளையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுகூட வைரஸ் இல்லை. எல்லாம் பழைய குப்பை. வீட்டு மூலையில் கிடக்கும் காகிதத் துண்டுகளை எண்ணிக் காட்டி, "திருடன்! திருடன்!" என்று கூச்சல் போட்டதற்குச் சமம்.

பயம் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நடந்தது அதற்கு மேல்.

மருமகள் அரசாங்க வேலைக்கான தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பம் போட இருந்தாள். கடைசி நாள். இரவு 11.59 வரை நேரம். படமும் கையெழுத்தும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. 11 மணிக்குத் திறந்தாள். இரண்டு ஆன்டிவைரசும் ஒரே நேரத்தில் சோதனையைத் தொடங்கிவிட்டன. சுட்டி நகரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே கதை. மணி 12 ஆகிவிட்டது.

அந்த விண்ணப்பம் போகவே இல்லை.

முதல் நாளே போட்டு இருக்கலாம் என்று சொல்லலாம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு போலீஸ்காரர்

ஏன் இப்படி ஆயிற்று? விவரம் வருமாறு:-

போலீஸ் நிலையத்தில் பழைய கேடிகளின் படத்தை மாட்டி வைத்து இருப்பார்கள், பார்த்து இருப்பீர்கள். ஆன்டிவைரசும் அந்த மாதிரி ஒரு பட்டியலைக் கையில் வைத்து இருக்கிறது. நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதைப் பிடித்து நிறுத்தி, பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். பட்டியலில் இல்லாத புதுத் திருடனை நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கும். ஒரு வாசலில் இப்படி ஒருவர் நின்றால் சரி. இரண்டு பேர் நின்றால்? ஒருவர் திறக்கும் கோப்பை மற்றவர் பிடித்து இழுப்பார். சில சமயம் ஒருவரை ஒருவர் திருடன் என்று பிடித்துக்கொள்வதும் உண்டு! வீட்டுக்காரர் உள்ளே போக முடியாது.

இந்த வைரஸ் கதையின் தொடக்க காலத்து அத்தியாயம் ஒன்று நடந்த இடம் நமக்கு ரொம்ப தூரம் இல்லை. 1986-ம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் அல்வி சகோதரர்கள் இருவர் 'பிரெய்ன்' என்ற வைரசை எழுதினார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுக்கிறவர்களைப் பிடிக்கவே அதை எழுதியதாகச் சொன்னார்கள். அதற்குள் தங்கள் பெயர், முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். இந்தக் காலத்துத் திருடன் அவ்வளவு நாணயஸ்தன் அல்ல.

விரட்டும் தொழில் நம் ஊரிலும் வளர்ந்தது. சென்னையில் 1991-ல் தொடங்கிய கே7 கம்பெனி இன்றும் ஆன்டிவைரஸ் செய்கிறது.

காசு எங்கிருந்து?

இலவசமாகக் கொடுப்பவர் சம்பளத்துக்கு என்ன செய்வார்? பலர் பயம் காட்டி, காசுள்ள சரக்கை வாங்கச் சொல்கிறார்கள். அந்த 'டிங்' சத்தம் அதற்குத்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. அது வெளியே வந்தபோது உலகமே திடுக்கிட்டது.

செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட் கம்பெனியின் இலவச ஆன்டிவைரசைக் கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தினார்கள். அவர்கள் இன்டர்நெட்டில் எந்தெந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற விவரம் திரட்டப்பட்டது. என்ன நோய், என்ன மதம், என்ன கடன் என்று ஊகிக்கக்கூடிய விவரம்! 'ஜம்ப்ஷாட்' என்ற அதன் துணைக் கம்பெனி 2014 முதல் அதை 100-க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு விற்றது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள்.

ஆளின் பெயரை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தோம் என்று சமாதானம் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளம் இருந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. நம் பணத்தில் ரூ.130 கோடிக்கு மேல்!

காவல்காரனே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஊருக்குச் சொன்ன கதை இது. எல்லா இலவச ஆன்டிவைரசும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் காசு இல்லாத வீடுகளை இவைதான் காப்பாற்றின.

உள்ளேயே இருந்தவர்

அத்தானுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோசுக்கு உள்ளேயே 'டிபண்டர்' என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. தனியாகக் காசு இல்லை. வெளியில் இருந்து ஒருவரைக் கொண்டுவந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். அவர் போனால் தானாக எழுந்து வேலை பார்க்கும்.

இரண்டையும் நீக்கினேன். லேசில் போகவில்லை. "நிச்சயமாகவா? 3 மாதம் இலவசம் தருகிறோம்" என்று காலைப் பிடித்தது ஒன்று. மற்றொன்று, நிறுவும்போது அத்தான் கவனிக்காமல் விட்ட ஒரு 'டிக்' குறி வழியாக, தேடும் பக்கத்தையே மாற்றி வைத்து இருந்தது. அதையும் பழையபடி ஆக்கினேன். விண்டோசைப் புதுப்பித்தேன். பழைய விண்டோஸ் வைத்து இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. கதவு உளுத்துப் போனால் காவலாளி மட்டும் என்ன செய்வார்?

சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு, மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'சைபர் சுவச்தா கேந்திரா' இருக்கிறது. அங்கே கிடைக்கும் துப்புரவுக் கருவிக்குக் காசு இல்லை. கார்டு நம்பரைக் கொடுத்துப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உடனே 1930-க்கு டெலிபோன் செய்யவேண்டும்.

இப்போது மருமகள் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். கடைசித் தேதிக்கு 10 நாள் முன்பே!

அத்தானுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. போன வாரம் டெலிபோனில் கேட்டார்: "மாப்பிள்ளை, ஒரு சத்தத்தையும் காணோமே! அது வேலை செய்கிறதா, இல்லையா?"

தறிக்காரர். சத்தம் நின்றால் அவருக்குச் சந்தேகம்.