பாலர் வகுப்பு உபாத்தியாயினியின் ஆயத்தம்

கிராமத்துப் பெண்ணொருத்தி பாலர் வகுப்பு உபாத்தியாயினியாகப் பயிற்சி பெற விரும்பினால், வீட்டாரும் ஊராரும் முதலில் கேட்பது, "சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் படிப்பு எதற்கு?" என்பதே. தையற் கலைக்கும் கணக்கெழுதுவதற்கும் பயிற்சி வேண்டுமென்று ஒப்புக்கொள்பவர்களும், மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேரை ஒரு முற்பகல் முழுவதும் அடிபடாமலும் மனஞ் சலியாமலும் நடத்துவது பெண்களுக்குத் தானே வரும் காரியம் என்று கருதுகிறார்கள். இக்கருத்து எவ்வளவு தவறானது என்பதற்குச் சமீப காலத்திலேயே ஓர் அத்தாட்சி உண்டு. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை ஆரம்பித்து, இடைநிலை ஆசிரியர்களை அவ்வேலைக்கு மாற்றியது. அவர்களில் சிலர், இது தங்கள் பயிற்சிக்குரிய வேலையன்று என்று கோர்ட்டுக்குச் சென்றனர். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்லத் தேர்ந்தவர்களே மூன்று வயதினரை நடத்துவது வேறு தொழில் என்று சொல்வார்களானால், அதனை ஊரார் அற்பமாக எண்ணுவதற்கு இடமில்லை.

காரைக்குடித் தாலுகாவில் கண்டாங்கிச் சேலை நெய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி இப்பயிற்சிக்குச் செல்வதாகவும், அவள் தகப்பனார் செலவுக்காகச் சங்கத்தை நாடி வருவதாகவும் வைத்துக்கொள்வோம். நிர்வாகக் கமிட்டியார் கடன் தொகையையும் ஜாமீனையும் மட்டும் விசாரித்தால் போதாது. அப்பெண் எதைக் கற்கப் போகிறாள், கற்று வந்தபின் ஊரார் அவளிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றையும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அவள் கையில் ஒப்புவிக்கப்படுபவை அங்கத்தினர்களுடைய குழந்தைகளே.

கிண்டர்கார்டன் என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். பிரெடெரிக் புரோபல் என்பவர் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தொடங்கிய பள்ளிக்கு 1840இல் இப்பெயரை இட்டார். அவர் குழந்தைகளுக்குக் கொடுத்தவை புத்தகங்களல்ல. நூற்பந்துகள், மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை, சிறு சிறு கட்டைகள் முதலியவை. காகித மடிப்பு, பின்னல், களிமண் வேலை ஆகியவையும் உண்டு. இவ்வளவு சாதுவான ஏற்பாட்டைப் பிரஷ்ய அரசாங்கம் 1851இல் தடை செய்தது என்பது வியப்புக்குரியது. தடை 1860இல் நீங்கியது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே புரோபல் காலஞ்சென்றுவிட்டார்.

மேற்படி கருவிகளுக்காக ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை. ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தளத்தில் ஒரு குழந்தையை விட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு கல்லில் கால் பங்கு மலர்தான் இருக்கும்; நான்கு கற்கள் கூடும் இடத்தில் முழு மலர் தோன்றும். அம்மலரை விரலால் சுற்றி வரும் குழந்தை, பகுதிகள் கூடி முழுமையாகும் கணக்கைப் பெயர் அறியாமலே கற்கிறது. பனையோலைக் கொட்டான் முடையும் பாட்டியின் அருகில் அமர்ந்து, ஓலைத் துணுக்குகளை மேலொன்று கீழொன்றாகக் கோத்துப் பார்க்கும் குழந்தை செய்வது புரோபலின் பின்னல் வேலையேயாகும். செப்புச் சாமான், பல்லாங்குழி, சிரட்டை, ஊருணிக் கரை மணல் ஆகிய யாவும் பாலர் வகுப்பின் தளவாடங்களே. பயிற்சியில்லாதவளுக்கு அவை விளையாட்டுப் பொருள்கள்; பயின்றவளுக்கு எது எந்தக் குழந்தைக்கு எப்பொழுது உரியது என்பது தெரியும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு உகந்தது; ஆயினும் சிறு குழந்தை அதை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும் என்பதை அறிந்து, மிகச் சிறியவர் கைக்கு எட்டாமல் வைப்பதும் அவள் கல்வியைச் சேர்ந்ததே.

மரியா மாண்டிசோரி அம்மையார் வைத்தியத் தொழிலிலிருந்து இத்துறைக்கு வந்தவர். 1907 ஜனவரி 6ஆந் தேதி ரோமாபுரியின் ஏழை மக்கள் வசிக்கும் சான் லொரென்சோ பகுதியில் அவர் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார்; சிறுமியை அவள் நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து, யாரும் சொல்லாமல் தானே நிறுத்தி, களைப்பின்றி எழுந்தாள். அம்மையாரின் முறை பெரும்பாலும் இத்தகைய காட்சிகளிலிருந்து பிறந்ததே. அவர் முதலில் கொள்கை வகுத்துப் பின்னர் குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துப் பின்னர் கொள்கை வகுத்தார்.

அவர் 1939 நவம்பரில், தமது அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே நடந்த முதற் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் புகவே, இத்தாலியப் பிரஜையான அவருடைய நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. அவர் புதல்வர் மாரியோ சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். சில மாதங்கள் தங்க எண்ணி வந்தவர் 1946 வரை இத்தேசத்திலேயே இருந்து உபாத்தியாயர்களைப் பயிற்றினார். அதில் கொடைக்கானலில் கழித்த காலமும் அடங்கும். ஆகவே இம்முறை தமிழ்நாட்டுக்கு நேற்று வந்த புதுமையன்று.

பயிற்சி நிலையங்களில் மாணவிகளைத் தத்தம் போதனைக் கொள்கையை எழுதி வருமாறு பணிப்பது வழக்கம். பெரும்பாலோர் எழுதுவது, குழந்தை தெய்வத்துக்குச் சமானம், அன்பே சிறந்த வழி, விளையாட்டே கல்வி என்ற மூன்று வாக்கியங்களேயாம். இவற்றில் பிழையில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே சிரட்டைக்கு இரண்டு குழந்தைகள் சண்டையிட, மூன்றாவது குழந்தை நனைந்த உடையோடு மூலையில் நிற்க, நான்காவது வாசலைக் கடந்து ஊருணிப் பக்கம் நடக்கும்போது, இவ்வாக்கியங்கள் உதவ மாட்டா. முதலில் வாசலுக்கு ஓட வேண்டும். பின்னர் நனைந்த குழந்தையைப் பிறர் நகைக்காதபடி அழைத்துச் செல்ல வேண்டும். சிரட்டைச் சண்டை ஒரு நிமிஷம் காத்திருக்கலாம், அநேகமாகத் தானே தீர்ந்துவிடும். எதற்கு முதலிடம், எதற்குத் தலையிடாமை என்பதை அறிந்து நடப்பதே கொள்கை. காகிதத்தில் எழுதியது அதன் நிழல்.

அதைப் பெறும் வழி எளிது. ஆனால் பொறுமை வேண்டும். மாணவி ஒரு குழந்தையைத் தெரிந்துகொண்டு, நாள்தோறும் கால் மணி நேரம் பேசாமல் கவனித்து, அது செய்ததை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். தன் அபிப்பிராயத்தை எழுதலாகாது. 'பிடிவாதக்காரன்' என்று எழுதினால் அது தீர்ப்பு. 'மூன்று முறை பின்னாலிருந்து அழைத்தும் திரும்பவில்லை. எதிரே சென்று அழைத்ததும் சிரித்துக்கொண்டு வந்தான்' என்று எழுதினால் அது செய்தி. தீர்ப்பு எழுதியவள் அப்பையனைத் தண்டிப்பாள். செய்தி எழுதியவள் நாலைந்து நாட்குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது, பையனுக்குக் காது மந்தமாக இருக்கலாம் என்று ஐயுற்று, தாயாரிடம் பக்குவமாகச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். மூன்று வயதில் கண்டுபிடிக்கப்பட்ட செவிக்குறைக்குப் பரிகாரம் தேட வழியுண்டு. எட்டு வயது வரையில் அவனை மக்கு என்று சொல்லிவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால், இடையிற்போன ஐந்து வருஷத்துப் பேச்சை யார் கொடுப்பது? பயிற்சிக்குச் செலவிடும் பணத்துக்கு வேறு பயன் ஒன்றும் இல்லாவிடினும் இது ஒன்றே போதும்.

பயின்று வந்த உபாத்தியாயினிக்கு நேரும் பெரிய சங்கடம் குழந்தைகளால் அன்று, பெற்றோரால் வருவது. "பிள்ளை மூன்று மாதமாய்ப் போகிறான், இன்னும் 'அ' எழுதத் தெரியவில்லையே" என்பார்கள். பக்கத்தூர்த் தனியார் பள்ளியில் எழுதுகிறார்கள் என்பார்கள். இங்கே அவள் இணங்கிவிட்டால் கற்ற கல்வி வீண். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அக்கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் செய்வது, பால் பிடிக்காத கதிரை அறுப்பதற்கொப்பாகும். களிமண் பிசைந்து, ஓலை பின்னி, மணலில் கோடிழுத்த கை, காலம் வந்தபோது விரைவில் எழுதும்.

மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் பழைய வழக்கம் என்பதையும் பெற்றோருக்கு நினைவூட்டலாம். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் கையாண்டு, 1797இல் லண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். மாண்டிசோரி அம்மையாரின் உப்புத்தாள் எழுத்துக்களைக் குழந்தை விரலால் தடவுவதும் இதற்கு உறவானதே. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கும் வீட்டார், அவ்விரலுக்கு மேலும் சில காலம் அரிசியும் மணலுமே போதும் என்றால் கேளாமற் போகமாட்டார்கள். திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் மணலோடு சேர்த்து மீட்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று.

பாட்டும் கதையும் இவ்வேலையில் பாதி. செட்டிநாட்டார் இதில் பாக்கியசாலிகள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் ராயவரத்தில் பிறந்தவர். வங்கியில் கணக்குப் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாடல் எழுதியவர். பயிற்சி பெறும் பெண் அவர் பாடல்களில் ஐம்பதையாவது புத்தகமின்றிப் பாடப் பழக வேண்டும். புத்தகத்தைப் பார்க்கும் கண் குழந்தையைப் பார்க்க இயலாது. வீட்டில் குழந்தை பேசும் பேச்சு எதுவோ அதிலேயே தொடங்குவது நலம். 'வெரி குட்' என்று சொல்லிக் கொடுப்பதில் பெற்றோர் மகிழலாம். குழந்தைக்கு அதனால் லாபமில்லை.

அங்கன்வாடி என்னும் பெயரின் பிறப்பையும் அங்கத்தினர் அறிந்திருக்கலாம். கூர்ஜர தேசத்துப் பாவநகரில் வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைகளிடம் வந்த கிஜுபாய் பதேகா 1920இல் பால மந்திரத்தைத் தொடங்கினார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்தில் வேலை தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராமையால், பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டு போனார். அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2ஆந் தேதி மத்திய சர்க்கார் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் ஆரம்பித்தபோது அப்பெயரே நிலைத்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன.

இனி, பணம் கொடுக்குமுன் கமிட்டியார் விசாரிக்க வேண்டியது. மாண்டிசோரி என்னும் பெயரை இப்பொழுது எவரும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் சர்டிபிகேட், வேலை நிச்சயம் என்ற விளம்பரங்களும் உண்டு. அந்தச் சர்டிபிகேட்டை எந்த அதிகாரி, எந்த வேலைக்கு ஏற்பார் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டறிய வேண்டும். மற்றொரு கேள்வி இதனினும் முக்கியம்: பயிற்சிக் காலத்தில் மாணவி எத்தனை நாள் குழந்தைகளோடு இருப்பாள், அவ்வேளையில் அனுபவமுள்ள ஒருவர் உடனிருந்து திருத்துவாரா? குழந்தையே இல்லாத கட்டடத்தில் படமும் அட்டையும் செய்வதே பயிற்சி என்றால், அதற்குக் கடன் கொடுப்பது தகப்பனாரைக் கடனாளியாக்கும், பெண்ணை உபாத்தியாயினியாக்காது. செட்டிநாட்டில் காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் 1950இல் நிறுவிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அது பெரிய வகுப்பு உபாத்தியாயர்களுக்குரியதாயினும், விவரம் விசாரிக்க அங்கே அறிந்தவர்கள் கிடைப்பார்கள்.

பெண் பயின்று திரும்பியபின் சங்கத்தின் உபவிதிகள் இடங்கொடுக்குமளவில் பொது நன்மை நிதியிலிருந்து அவளுக்கு ஒரு வண்டி ஆற்று மணலும், மரத்தச்சரிடம் முனை மழுக்கிய கட்டைகள் நூறும், கதவுக்கு உயரமான தாழ்ப்பாள் ஒன்றும் வாங்கிக் கொடுக்கலாம். தாழ்ப்பாளை முதலில் வாங்குக.