“பால் பத்தலையாம்மா?”

வானொலியில் மூன்று நொடி மௌனம் வந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். ஒன்பது ஆண்டுகளாக அறிவிப்பாளராக இருந்து, மௌனத்துக்குப் பயந்தே பழகியவள் நான். அப்படிப்பட்ட நான், போன வருடம் ஓர் இரவு மூன்று நொடி மௌனத்துக்காக ஏங்கினேன். மகள் பிறந்து பதினேழாவது நாள் அது. விடியற்காலை மணி மூன்று.

மாலை ஏழு மணிக்குத் தொடங்கியவள். பால் குடிப்பாள், பத்து நிமிடம் கண்ணயர்வாள், மடியிலிருந்து இறக்கினால் வீறிடுவாள். மறுபடியும் பால். அம்மா வசம்பு வளையலைச் சரிசெய்தார், திருஷ்டி சுற்றிப் போட்டார். கடைசியில், நான் பயந்துகொண்டிருந்த கேள்வியையும் கேட்டுவிட்டார்: “பால் பத்தலையாம்மா?”

சமையலறையில் ஒரு டின் பால் மாவு இருந்தது. முந்தின நாள் என் கணவர் வாங்கி வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 7 நாள் தந்தையர் விடுப்பு முடிந்து, தூங்காத கண்ணோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். ஆனால் அந்த டின்னைப் பார்க்கும்போதெல்லாம், தேர்வில் தோற்றவள் போல் இருந்தது எனக்கு.

அன்றிரவு பிள்ளையின் முகத்துக்கு நேராக, “என்னதான் வேணும் உனக்கு?” என்று கத்திவிட்டேன். அவள் தோளைப் பிடித்திருந்த என் விரல்கள் இறுகியதை நானே பார்த்தேன். பயந்துபோய், அவளைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மிஸி கேட்ட கேள்வி

மூன்று நாள் கழித்து, கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து தாதி வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார். “பால் பத்தலை போல” என்றேன். “புவான், ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் நனையுது?” என்று கேட்டார். எட்டு என்றேன். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறந்த எடையைத் தாண்டியிருந்தாள். “அப்புறம் எப்படிப் பத்தாமல் போகும்?” என்றார்.

அன்று அவர் விளக்கியதை எல்லாம் பிரசவத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பாலோ சீக்கிரம் செரித்துவிடும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பது சாதாரணம். மாலையிலும் முன்னிரவிலும் விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். வேகமாக வளரும் நாள்களில், முக்கியமாக இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்தையொட்டியும், இது இன்னும் கூடும். குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் இரவில் அதிகமாக இருப்பதால், இரவில் கொடுக்கும் பாலும் வீண் போவதில்லை. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்து, எடையும் ஏறினால், பால் போதுகிறது என்று அர்த்தம்.

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது வாரம் வாக்கில் கூடத் தொடங்கி, ஆறு வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். பசியும் ஈரமும் இல்லாமலே அழும் குழந்தைகள் நிறைய. அதற்காக ஓமத் தண்ணீரோ தேனோ கொடுக்க வேண்டாம் என்றார் மிஸி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு வயதுவரை தேன் ஆபத்து.

தயங்கித் தயங்கி அந்த இரவைப் பற்றியும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “படுக்க வச்சிட்டு வெளியே போனீங்க பாருங்க, அதுதான் சரி” என்றார். பிள்ளையைக் குலுக்கினால் மூளையே பாதிக்கப்படலாம். பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் தள்ளி நின்றால், அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அம்மா சொன்ன கதை

மிஸி போன பிறகு அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“உனக்கு ரெண்டு மாசம் ஆனதும் நான் வெட்டுக்குப் போயிட்டேன். இருட்டோட உன்னை ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போவணும். மரத்துப் பாலை வாளியில ஊத்திக்கிட்டு இருப்பேன், இங்க என் சட்டையெல்லாம் பால் நனைஞ்சு ஒட்டும். நீ அங்க போத்தல் பால் குடிச்சுக்கிட்டு இருப்ப. கொஞ்ச நாள்ல எனக்கு வத்திப்போச்சு. உனக்குப் பால் பத்தலைன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அம்மாவுக்குப் பால் பத்தாமல் போகவில்லை. கொடுக்க நேரமில்லாமல் வற்றியிருக்கிறது. முப்பத்து மூன்று வருடமாக அவர் தன் உடம்பையே குறை சொல்லி வந்திருக்கிறார். எனக்கு 98 நாள் பேறுகால விடுப்பு இருந்தது. அம்மாவுக்கு அது இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். மாலை ஆறரைக்கே எனக்குப் பூண்டுக் குழம்புச் சாப்பாடு. எட்டிலிருந்து பதினொன்றுவரை பால் கொடுப்பது மட்டும் என் வேலை. ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் கணவர். விடியற்காலை அம்மா. அழுகை உடனே நிற்கவில்லை. ஆனால் அழும்போது நான் தனியாக இல்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் துவண்டே கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, டயப்பர் நனைவது குறைந்தாலோ, மஞ்சள் கூடினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மருத்துவர் பால் மாவு கொடுக்கச் சொல்லலாம். என் தோழிக்கு அப்படித்தான் சொன்னார்கள். அவள் எதிலும் தோற்றவள் இல்லை. தாயின் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் மருத்துவம் உண்டு. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

இப்போது மகளுக்கு எட்டு மாதம். நான் ஒலிபரப்புக்குத் திரும்பிவிட்டேன்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், “பால் போதுதா?” என்று கேட்காதீர்கள். “நீ சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் கொஞ்சம் தூங்கட்டும்.