கமிட்டி போட்டாயிற்று!

நம் நாட்டில் சங்கம் இல்லாத ஊர் இல்லை. சங்கம் ஒன்று இருந்தால் அதற்குக் கமிட்டி இல்லாமல் இராது. வருஷாந்தர மகாசபைகளுக்குப் போய்ப் பழகிய நேயர்கள் பின்வரும் காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். அங்கத்தினர் ஒருவர் எழுந்து அருமையான யோசனை ஒன்றைச் சொல்கிறார். சபையில் கரகோஷம் எழுகிறது. மற்றொருவர் ஆமோதிக்கிறார். உடனே அக்கிராசனர், "இதைக் கவனிக்க ஓர் உப கமிட்டியை நியமித்துவிடலாம்" என்கிறார். ஒன்பது பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அவர்களில் இருவர் அன்றைக் கூட்டத்துக்கே வராதவர்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது. வந்தனோபசாரம் முடிந்ததும், ஏதோ பெரிய காரியத்தைச் செய்து முடித்துவிட்ட திருப்தியுடன் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு, நாம் அங்கத்தினராக உள்ள தமிழ்ச் சங்கத்திலும் இப்படி ஒரு கமிட்டி ஏற்பட்டது. தச்சர், கொல்லர், நெசவாளர், குயவர் முதலியோர் தத்தம் தொழிலில் வழங்கும் சொற்களை, அவை மறைந்து போவதற்குள் திரட்டி வைக்க வேண்டும் என்பது தீர்மானம். அதன் முடிவைப் பின்னால் சொல்லுகிறோம். அதற்கு முன், கிட்டத்தட்ட இதே வேலைக்காக லண்டன் மாநகரில் கூடிய ஒரு கமிட்டியின் கதையை நேயர்கள் கேட்கவேண்டும். கமிட்டி போடும் பழக்கத்தை நாம் ஆங்கிலேயரிடம் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். போட்ட கமிட்டியை வேலை செய்யவைக்கும் வித்தையை அவர்களே எளிதில் கற்றுவிடவில்லை என்பது இந்தக் கதையிலிருந்து விளங்கும்.

மூவர் கமிட்டி

லண்டனில் 1842-ஆம் வருஷம் பிலாலஜிகல் சொஸைட்டி என்ற மொழிநூற் சங்கம் தோன்றியது. அங்கத்தினர்கள் கூடுவார்கள், ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் விவாதிப்பார்கள். 1857 ஜூன் மாதத்தில், மீரத்தில் மூண்ட விடுதலைத் தீ டில்லியில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அந்தச் சங்கம் ஒரு கமிட்டியை நியமித்தது. ஜான்ஸன், ரிச்சர்ட்ஸன் ஆகியோரின் அகராதிகளில் இடம்பெறாத ஆங்கிலச் சொற்களைத் திரட்டுவது அதன் வேலை. கமிட்டியில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குருவான டிரெஞ்ச். மற்றொருவர் சங்கத்தின் காரியதரிசி பர்னிவால். மூன்றாமவர் கவி கோல்ரிட்ஜின் பேரரான ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் என்ற இளம் வக்கீல்.

நவம்பரில் கமிட்டி அறிக்கை தரவேண்டும். அறிக்கைக்குப் பதிலாக டிரெஞ்ச் இரண்டு கூட்டங்களில் நீண்ட கட்டுரை வாசித்தார். 'விட்டுப்போன சொற்களுக்கு அனுபந்தம் போட்டுப் பயனில்லை. உள்ள அகராதிகளின் அடிப்படையே போதாது. ஒவ்வொரு சொல்லின் பிறப்பும் வளர்ச்சியும் மறைவும் நூல்களிலிருந்து எடுத்துக்காட்டப்பட வேண்டும்' என்பது அவர் வாதத்தின் சாரம். இட்ட வேலையை ஒப்புக்குச் செய்து முடிக்காமல், 'வேலை இதைவிடப் பெரிது' என்று சங்கத்தாரிடம் சொல்லும் துணிவு அந்தக் கமிட்டிக்கு இருந்தது. 1858 ஜனவரியில், முற்றிலும் புதிய அகராதி ஒன்றைத் தயாரிப்பது என்று சங்கம் தீர்மானித்தது.

அடுத்து வேலையைப் பங்கிட்டார்கள். நூல்களின் மேற்கோளைக் கவனிக்க ஒரு கமிட்டியும், சொல்லின் மூலத்தை ஆராய மற்றொரு கமிட்டியும் ஏற்பட்டன. ஆங்கில இலக்கியத்தை 1250 முதல் 1526 வரை, 1526 முதல் 1674 வரை, அதற்குப் பிற்பட்டது என மூன்று காலப் பகுதிகளாக வகுத்துக்கொண்டார்கள். புத்தகம் படிக்க ஊர் ஊராகத் தொண்டர்கள் சேர்ந்தார்கள். ஒரு சொல், அது வரும் வாக்கியம், நூலின் பெயர், பக்கம் ஆகியவற்றை ஒரே அளவுள்ள காகிதச் சீட்டில் எழுதி அனுப்பவேண்டும். எல்லோரும் ஒரே முறையில் எழுதவேண்டும் என்பதற்காக 1860-ல் விதிகளும் அச்சாயின.

பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற கோல்ரிட்ஜ், சீட்டுகளை இட்டு வைக்க 54 அறைகள் கொண்ட அலமாரி ஒன்றைச் செய்துவைத்தார். ஒரு லட்சம் சீட்டுகள் சேர்ந்தால் அவை நிரம்பிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் 1861-ஆம் வருஷம், தம் முப்பதாவது வயதில், க்ஷயரோகத்தால் அவர் காலமானார். பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் கைவிரித்தபோது, "அப்படியானால் நாளைக்கே சம்ஸ்கிருதம் படிக்கத் தொடங்கவேண்டும்" என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

சாக்கில் வந்த அகராதி

தனி மனிதரின் முயற்சியாக இருந்திருந்தால் அகராதி அன்றோடு முடிந்திருக்கும். சங்கத்தின் காரியமாக இருந்ததனால் அது சாகவில்லை. பர்னிவால் பொறுப்பேற்றார். அவர் உற்சாகத்தின் வடிவம். பழைய நூல்கள் அச்சில் இல்லாவிட்டால் தொண்டர்கள் எதைப் படிப்பது என்று எண்ணி, 1864-ல் பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பிக்கத் தனிச் சங்கமே கண்டார். அகராதியின் ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வோர் உதவி ஆசிரியரிடம் ஒப்படைத்தார். ஆனால் அவருடைய கவனம் பல வழிகளில் பிரிந்தது. யாரிடம் எந்தச் சீட்டு இருக்கிறது, யார் வேலையை விட்டுவிட்டார், யார் இறந்துபோனார் என்ற கணக்கை ஒழுங்காக வைத்திருக்க ஆளில்லை. டிரெஞ்சும் 1864-ல் டப்ளினுக்குத் தலைமைக் குருவாகப் போய்விட்டார். அதன் பிறகு வேலை மெல்ல மெல்ல ஓய்ந்தது.

1879-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அச்சகத்துடன் சங்கம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏழாயிரம் பக்கம், நான்கு தொகுதி, பத்து வருஷம் என்பது திட்டம். பதிப்பாசிரியராக அமர்ந்தவர் ஜேம்ஸ் மர்ரே. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அப்பொழுது மில் ஹில் என்ற இடத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

பர்னிவால் அனுப்பிய சீட்டுகள் சுமார் இரண்டு டன் எடையில் மர்ரேயின் வீட்டு வாசலில் வந்து இறங்கின. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது. மற்றொன்றில் சுண்டெலி ஒன்று குஞ்சுகளுடன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. 'எச்' எழுத்துச் சீட்டுகள் இத்தாலியில் பிளாரென்ஸ் நகரில் அகப்பட்டன. 'பி' எழுத்தின் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடந்தது. அதில் பெரும்பகுதி அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டுவிட்டது. இருபது வருஷ உழைப்பின் கதி இது! உழைத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் கொடுத்ததை வாங்கிக் கணக்கில் வைப்பதற்கு ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

மர்ரே தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டார். 54 அறைகள் இருந்த இடத்தில் 1,029 அறைகள் வந்தன. மேலும் ஆயிரம் பேர் புத்தகம் படித்து உதவ வேண்டும் என்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஐந்து வருஷம் உழைத்து 1884-ல் முதற் பகுதியை வெளியிட்டார். 352 பக்கங்களில் 'ஏ' எழுத்தில் 'எறும்பு' வரையில்தான் வந்திருந்தது!

அதற்குள் இன்னொரு தொல்லை. அச்சகத்தை நிர்வகித்த சர்வகலாசாலைக் குழுவுக்கு வேலை தாமதமாகிறதே என்ற கவலை. பத்திரிகைகளிலிருந்து மேற்கோள் எடுக்கக்கூடாது என்றார்கள். குழுவில் முக்கியஸ்தரான ஜோவெட், மர்ரே எழுதிய முன்னுரையிலேயே கை வைத்துத் திருத்தினார். மர்ரே ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனார். முடிவில் ஜோவெட்தான் இறங்கி வந்தார். எதைச் செய்வது என்று குழு சொல்லலாம். வேலை தெரிந்தவனின் பேனாவைப் பிடுங்கி எழுத முற்பட்டால் காரியம் கெடும்.

மர்ரே 1915-ல் காலமானார். மற்றப் பதிப்பாசிரியர்கள் தொடர்ந்தார்கள். 1928-ல் அகராதி நிறைவெய்தியது. 4,14,825 சொற்கள்; பதினெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து எழுபது வருஷங்கள் ஆகிவிட்டன. தொடங்கிய மூவரில் ஒருவர்கூட அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நமக்கு என்ன?

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு மனிதன் சாவான், சங்கம் நிற்கும். அதற்காகவே சங்கமும் கமிட்டியும் வேண்டும். ஆனால் ஒன்பது பேரின் பொறுப்பு என்பது ஒருவரின் பொறுப்பும் அன்று. இன்ன வேலைக்கு இன்னார், இன்ன நாளில் கணக்குக் காட்டவேண்டும் என்று ஏற்படாத கமிட்டி, மினிட் புத்தகத்தில் மட்டுமே உயிர் வாழும்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்ததைப் பாருங்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலைக்கு ஒரு வாரியம் வகுத்தார்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு அருகரல்லர் என்று விதித்தார்கள். அந்த விதியை இன்று நம் சங்கங்களில் அமல் செய்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பதை நேயர்களின் யோசனைக்கே விடுகிறோம்.

இனி, நம் சங்கத்தின் உப கமிட்டிக்கு வருவோம். முதற் கூட்டத்தில் கோரம் சேரவில்லை. இரண்டாவது கூட்டத்தில், வரப்போகும் நூலுக்குப் பெயர் 'சொற்றொகுதி'யா, 'சொற்களஞ்சிய'மா என்று இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. மூன்றாவது கூட்டம் கோடை விடுமுறைக்குப் பின் என்று ஒத்திவைக்கப்பட்டது.

நான்கு தெரு தள்ளி ஒரு முதிய தச்சாசாரி இருந்தார். மாட்டு வண்டி செய்வதில் கைதேர்ந்தவர். குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்ற அளவில் நம் போன்றவர்களுக்குத் தெரியும். அவரோ ஒவ்வொரு பொருத்துக்கும், ஒவ்வோர் இழைப்புக்கும், மரத்தின் ஒவ்வொரு கோணலுக்கும் தனித்தனிப் பெயர் சொல்லுவார். "எப்ப வேணும்னாலும் வாங்க சாமி, உக்காந்து சொல்றேன்" என்று இருமுறை சொல்லியிருந்தார். அந்த ஆடி மாதம் அவர் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனவர்கள்; அவர்களுக்கு அந்தச் சொற்கள் தெரியவில்லை. எந்த அகராதியிலும் அவற்றில் பலவற்றை நாம் காணவில்லை. துக்கம் விசாரிக்கச் சென்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்த உளிகளைப் பார்த்தோம். ஒன்றுக்காவது சரியான பெயர் தெரியாமல் தலை குனிந்தோம்.

அந்த உப கமிட்டியின் காரியதரிசி வேறு யாரும் இல்லை, நாமேதான்.

இப்பொழுது கமிட்டியில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவருக்கு நெசவு, ஒருவருக்கு மட்பாண்டம், நமக்குத் தச்சு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளை எண்ணி நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். பக்கத்துக் கிராமத்தில் இன்னும் ஓர் ஆசாரி இருக்கிறார். அவருக்குக் காது சற்று மந்தம். ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. கோரம் சேருமா என்று நாம் காத்திருக்கவில்லை.