ஆளில்லா நிலையத்தின் உஷ்ணக் கணக்கு

2024 மே 29 அன்று டில்லியில் 52.9 டிகிரி உஷ்ணம் என்ற செய்தி பரவியபோது, ஜனக்புரியிலுள்ள நம்மவரைப்பற்றி ஊரிலுள்ளோர் கலங்கியதில் வியப்பில்லை. அவ்வெண்ணை அளித்தது, நகரின் வடமேற்கு எல்லையில் முங்கேஷ்பூரில் அமைந்திருந்த தானியங்கி வானிலை நிலையம். இத்தகைய நிலையங்களில் உஷ்ணமானியைப் பார்த்தெழுத ஆள் கிடையாது. உஷ்ணம் ஏறினால் பிளாட்டினக் கம்பியின் மின்தடையும் ஏறும். அதனைக் கருவி எண்ணாக மாற்றி, செயற்கைக்கோள் மூலமாகவோ கைப்பேசி அலைகள் மூலமாகவோ தலைமை நிலையத்திற்கு அனுப்பிவிடும். உணர்கருவி பிழைபட்டால் பிழையும் அதே வேகத்தில் போய்ச் சேரும்! அன்று சப்தர்ஜங்கில் பதிவானது 46.8 டிகிரியே. ஐயுற்ற வானிலைத் துறையினர் செம்மையான கருவியோடு ஒப்பிட்டனர். முங்கேஷ்பூர்க் கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டியது புலனாயிற்று. கழித்தாலும் ஏறக்குறைய ஐம்பது. அவ்வாரம் கூலருக்கு நீரின்றி அலைந்தவரிடம் இந்தக் கழித்தல் கணக்கைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.