லீசிங்கில் வரும் விளையாட்டு: நாம் வாங்குவது எதை?

லீசிங் என்ற சொல் எமது ஊர்களில் எல்லோருக்கும் பழக்கமானது. முச்சக்கர வண்டியொன்றை லீசிங்கில் எடுத்தவர் மாதாமாதம் தவணை கட்டுகிறார். கடைசித் தவணையும் முடிந்தால் வண்டி அவருக்குச் சொந்தம். ஆனால் எத்தனை வருடம் கட்டினாலும் சொந்தமாகாத ஒரு முறையும் இன்று பரவி வருகிறது. அதை விளங்கிக்கொள்ள ஜப்பானின் வீடியோ விளையாட்டு நிலையங்கள் நல்ல உதாரணம்.

1978இல் டைட்டோ கம்பனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்தில் விளையாட்டு முழுவதும் இயந்திரத்துக்குள் இருந்த சர்க்கிட் பலகையிலேயே அடங்கியிருந்தது. அதை வாங்கியவர் விரும்பிய காலம் வரை ஓட்டலாம், வேண்டாமென்றால் விற்கலாம்.

2010இல் அதே டைட்டோ 'நெசிகா கிராஸ் லைவ்' என்ற வலையமைப்பை ஆரம்பித்தது. இதில் விளையாட்டு இணையத்தின் ஊடாக இயந்திரத்துக்கு வருகிறது. ஒரே இயந்திரத்தில் பல கம்பனிகளின் விளையாட்டுகளை ஓட்டலாம். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பலகை வாங்கத் தேவையில்லை. விழும் காசில் ஒரு பங்கு கம்பனிக்குப் போகும். கையில் பெரிய முதல் இல்லாத கடைக்காரருக்கு இது நன்மைதான். ஆனால் இயந்திரப் பெட்டி அவருடையதாக இருந்தாலும் உள்ளே ஓடும் விளையாட்டு அவருடையதல்ல.

விளையாடுபவரின் நிலையும் அதுவே. அவரது பெயர், புள்ளிகள், சேர்த்த பரிசுகள் எல்லாம் கம்பனியின் சேர்வரில் இருக்கின்றன. கையிலுள்ள அட்டை வெறும் சாவி மட்டுமே. 'நெசிகா', சேகாவின் 'ஐமி', கொனாமியின் 'இ-அமியூஸ்மென்ட் பாஸ்' என ஒவ்வொரு அட்டைக்கும் தனிப் பெயர் உண்டு.

இங்குதான் வர்த்தகக் குறி வருகிறது. அது பாதுகாப்பது பெயரையும் அடையாளத்தையும்தான். விளையாடும் முறையை அல்ல. அமெரிக்காவில் 'கோல்டன் டீ' என்ற கோல்ஃப் இயந்திரத்தைத் தயாரித்த கம்பனி, கையால் உருட்டும் பந்து கொண்ட தனது இயந்திரத்தைப் போலவே இன்னொரு கம்பனி செய்துவிட்டதாக வழக்குத் தொடர்ந்தது. 2005இல் சிக்காகோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க மறுத்தது. அந்தப் பந்தும் பொத்தான்களின் அமைப்பும் விளையாட்டை இயக்குவதற்குத் தேவையான அம்சங்கள், அவற்றை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்பதே அதன் நிலைப்பாடு.

ஆனால் பெயரின் கதை வேறு. கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமை பொதுவாக 20 வருடங்களில் முடிந்துவிடும். வர்த்தகக் குறியின் பதிவு ஜப்பானிலும் எமது நாட்டிலும் 10 வருடங்களுக்கு உரியது. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். தொழில்நுட்பம் பழையதாகிப் போனாலும் பெயர் கம்பனியிடமே நிற்கும்.

இதனால் பாதிக்கப்படுவது யார்? ஸ்குவெயார் எனிக்ஸ் கம்பனி 2008இல் 'லோர்ட் ஒஃப் வெர்மிலியன்' என்ற அட்டை விளையாட்டைக் கொண்டுவந்தது. அதன் சேவை இன்று இல்லை. காசு கொடுத்துச் சேர்த்த அட்டைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

விளையாட்டுத்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓர் ஆசிரியராக நான் கவலைப்படுவது எமது பாடசாலைகளைப் பற்றியே. பெற்றோரும் பழைய மாணவர்களும் பணம் சேர்த்துத் திறன் பலகையும் ஒன்லைன் பாடத்தொகுப்பும் வாங்கிக் கொடுக்கிறார்கள். பலகை பாடசாலைக்குச் சொந்தமாகலாம். பாடத்தொகுப்பு வருடாந்தக் கட்டணத்தில் வருவதாயின், கட்டணம் நின்ற நாளில் அதுவும் நின்றுவிடலாம்.

ஆகவே கையொப்பமிடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இணையம் இல்லாமல் இது இயங்குமா? கம்பனி சேவையை நிறுத்தினால் எம்மிடம் என்ன மிஞ்சும்? பிள்ளைகளின் புள்ளிகளையும் பதிவுகளையும் பிரதி எடுத்து எம்மிடம் வைத்துக்கொள்ளலாமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் வரை, எமது அபிவிருத்திச் சங்கங்கள் பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.